பொள்ளாச்சி: ஆயிரம் மட்டையின் கணக்கு

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறை போகும் பேருந்தில் ஜன்னலோர இருக்கைக்கு எப்போதும் போட்டிதான். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு பக்கம் நீலமாக நிற்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று சில்லென்று வந்து முகத்தில் மோதும். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. முதல் முறை வருகிற குழந்தைகூட “இந்த இடத்தை சினிமாவில் பார்த்திருக்கிறேன்” என்று சொல்லிவிடும்.

தோப்புகளுக்கு நடுவே திடீரென்று ஏக்கர் கணக்கில் ஒரு செந்நிற மைதானம் வரும். வெளியூர்க்காரர்கள் அதை செங்கல் சூளை என்பார்கள், இல்லாவிட்டால் மனை போடுவதற்காக நிரவிய செம்மண் என்பார்கள். அது மண்ணே அல்ல. தேங்காய் மட்டையிலிருந்து நாரை எடுத்த பிறகு மிஞ்சுகிற தூள். தென்னை நார்க்கழிவு என்பது அரசாங்கப் பெயர். நார் மில்களில் ‘பித்’ என்றால்தான் புரியும். வெயிலில் காய்கிற அந்தத் தூள் கொஞ்ச நாளில் கப்பலேறி, நெதர்லாந்திலோ ஸ்பெயினிலோ ஒரு கண்ணாடிக் கூடத்தில் தக்காளிச் செடிக்கு மண்ணாக மாறிவிடும்.

ஆழியாறு அணை, பூங்கா, குரங்கருவி, நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் பார்க்க வேண்டியவைதான். அவசரமில்லாதவர்கள் ஆனைமலை, கோட்டூர், நெகமம் பக்கத்துக் கிளைச் சாலைகளில் ஒரு முற்பகலைச் செலவழித்தால், வேறு சுற்றுலாத் தலத்தில் கிடைக்காத ஒரு காட்சி கிடைக்கும். ஒரு விவசாய ஊர் தன் குப்பையை எப்படிக் காசாக்கியது என்பதைக் கண்ணெதிரே பார்க்கலாம். அந்தக் கணக்கில் ஒரு வரி எழுதப்படாமல் விட்டுப்போயிருப்பதும் கூர்ந்து பார்த்தால் தெரியும்.

தென்னையில் வீண் என்று எதுவும் இல்லை என்று பாட்டி காலத்திலிருந்தே சொல்வார்கள். இந்த வட்டாரத்தில் அது தினமும் நடக்கிற வியாபாரம். பருப்பு கொப்பரையாகி, காங்கேயம் பக்கம் எண்ணெய் ஆலைகளுக்குப் போகிறது. கொட்டாங்குச்சியை, இங்கே ‘தொட்டி’ என்பார்கள், சுட்டுக் கரியாக்குகிறார்கள். ஆயிரக்கணக்கான தொட்டிகளைச் சுட்டால்தான் ஒரு டன் கரி கிடைக்கும். அதிலிருந்து தண்ணீர் வடிகட்டிகளுக்கு வேண்டிய ‘ஆக்டிவேட்டட் கார்பன்’ தயாராகிறது. ஓலையின் ஈர்க்கு சீமாறு ஆகிறது. காய்ந்த பாளையும் பன்னாடையும் அடுப்புக்கு. மிச்சம் இருப்பது மட்டை.

மட்டையை ஆயிரம் கணக்கிலோ லோடு கணக்கிலோ மில்காரர்கள் வாங்கிப் போகிறார்கள். அங்கே நனைத்து, நசுக்கி, முள் உருளையில் கொடுத்து நாரைப் பிரிக்கிறார்கள். ஆயிரம் மட்டைக்குச் சுமார் 80 கிலோ நார் வரும். தூள் அதைப் போல இரண்டு மடங்கு, 160 கிலோ. மில்லின் பெயர் நார் மில் என்றாலும் எடை போட்டுப் பார்த்தால் அது தூள் மில்தான்.

ஒரு காலத்தில் இந்தத் தூள் பெரிய தலைவலியாக இருந்தது. மில்லுக்கு வெளியே குன்று குன்றாகக் குவிந்து கிடக்கும். லேசில் மக்காது. மரத்தைக் கெட்டியாக்குகிற லிக்னின் என்ற பொருள் அதில் 30 சதவீதம் இருக்கிறது, தழைச்சத்து மிகக் குறைவு. ஒரு பங்கு தழைச்சத்துக்கு 112 பங்கு கரிமம் இருந்தால் நுண்ணுயிர்கள் பிழைப்பு நடத்துவது எப்படி? தீ வைத்தால் நாள்கணக்கில் புகையும். மழை பெய்தால் காப்பி டிகாஷன் நிறத்தில் சாயம் இறங்கி வாய்க்காலுக்குப் போகும்.

குப்பையின் தலையெழுத்தை மாற்றியது அதன் தாகம்தான். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், வேருக்குக் காற்றும் விடும். ஐரோப்பிய நர்சரிகள் அதுவரை சதுப்பு நிலங்களை வெட்டியெடுத்த ‘பீட்’ என்ற பொருளில்தான் செடி வளர்த்தன. அந்தச் சதுப்புகள் ஆயிரக்கணக்கான வருடக் கரிமத்தைப் பூட்டி வைத்திருக்கும் பெட்டகம் என்பது உறைத்த பிறகு மாற்றுப் பொருள் தேடினார்கள். பொள்ளாச்சித் தூளுக்கு யோகம் அடித்தது. இன்று அது 5 கிலோ கட்டியாக, ஓரடிக்கு ஓரடி சதுரமாக அழுத்தப்பட்டு ஏற்றுமதியாகிறது. தண்ணீர் ஊற்றினால் ஒரே கட்டி சுமார் 70 லிட்டர் தூளாகப் பொங்கி எழும். சென்னையில் மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

களத்தில் ஒரு மீட்டர்

நார்த்தூள் களத்தில் எல்லோரும் ஒரு சின்னக் கருவிக்குக் கட்டுப்பட்டவர்கள். பேனா அளவில் இருக்கும். பெயர் இ.சி. மீட்டர். ஒரு பங்கு தூளோடு ஒன்றரைப் பங்கு சுத்தமான தண்ணீரைக் கலந்து, வடிந்த நீரில் முனையை வைத்தால், அந்த நீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று எண்ணில் சொல்லிவிடும். உப்பு அதிகமென்றால் எண்ணும் அதிகம். வெளிநாட்டில் நாற்று வளர்ப்பவர்களுக்கு அந்த எண் 0.5 மில்லி சீமென்ஸுக்குக் கீழே இருக்க வேண்டும். மில்லிலிருந்து வந்த பச்சைத் தூளில் அது பல மடங்கு இருக்கும்.

எண்ணை இறக்க ஒரே வழி, கழுவுவது. தூளைப் பரப்பி, குழாய் பிடித்து, தண்ணீர் விட்டு, வடியவிட்டு, மறுபடி விட வேண்டும். காலை வெயில் ஏறுவதற்குள் களத்தில் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இவ்வளவுதான்:

“தம்பி, எறங்கிருச்சா?”

“இன்னும் இல்லீங்க்கா. இன்னொரு தண்ணி உடோணும்.”

இன்னும் கறாரான வாடிக்கையாளர்கள் ‘பஃபர்’ செய்த தூள் கேட்பார்கள். அதற்கு கால்சியம் நைட்ரேட் கரைசலில் தூளை ஊறவைக்க வேண்டும். தூளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கால்சியம் பிடித்துத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகு மறுபடி ஒரு கழுவல். பிறகு வெயில், ட்ராக்டரால் புரட்டல், சலிப்பு, அழுத்தம், பேக்கிங்.

தென்மேற்குப் பருவத்தில் ஆனைமலைச் சாரல் வந்துவிட்டால் வானமே இலவசமாகக் கழுவிக் கொடுக்கும். ஆனால் காய வைக்க வெயில் இருக்காது. வெயில் கொளுத்துகிற மாதங்களில் காயும், கழுவத் தண்ணீர் இருக்காது. இந்தத் தொழில் செய்கிறவர்கள் வானத்தைப் பார்ப்பதும் மீட்டரைப் பார்ப்பதுமாகவே வயதாகிறவர்கள்.

வாங்குபவர் தரத்தை அளக்கிறார், விற்பவர் எடையை அளக்கிறார், வங்கி டாலரை அளக்கிறது. குழாயிலிருந்து எவ்வளவு தண்ணீர் போனது, வடிந்த நீரோடு என்ன போனது என்பதற்குப் பெரும்பாலான களங்களில் நோட்டுப் புத்தகமே கிடையாது. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தையே நான்கு மண்டலமாகப் பிரித்து, முறை வைத்துத் தண்ணீர் விடுகிற பகுதி இது. மற்ற நாட்களில் தோப்பும் களமும் நம்பியிருப்பது அதே நிலத்தடி நீரை.

கழுவிய நீரில் போவது என்ன? உப்பு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். அதில் சோடியமும் குளோரைடும் உண்டு, சாயமும் உண்டு. கணிசமான பங்கு பொட்டாசியம். விவசாயி பாஷையில் சாம்பல் சத்து, உரக்கடை பாஷையில் பொட்டாஷ்.

தென்னை மற்ற எந்தச் சத்தையும்விட அதிகமாகக் கேட்பது அதைத்தான். காயோடு மரத்தை விட்டுப் போகிற பொட்டாஷில் பெரும்பகுதி பருப்பில் இல்லை, மட்டையில் இருக்கிறது. மட்டையை எரித்த சாம்பலை அந்தக் காலத்து ஆட்கள் மரத்தடியில் போட்டது சும்மா அல்ல.

ஒரு ஏக்கர் தோப்பை எடுத்துக்கொள்ளலாம். 25 அடி இடைவெளியில் சுமார் 70 மரம். மரத்துக்கு 100 காய் என்றால் வருடத்துக்கு 7,000 மட்டை. அதிலிருந்து 560 கிலோ நாரும், 1,120 கிலோ தூளும் வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி நெட்டை ரக மரம் ஒன்றுக்கு வருடம் 2 கிலோ மியூரேட் ஆஃப் பொட்டாஷ் வைக்க வேண்டும். 70 மரத்துக்கு 140 கிலோ, கிட்டத்தட்ட மூன்று மூட்டை. இந்த உரம் இந்தியாவில் எங்கும் வெட்டியெடுக்கப்படுவதில்லை. கனடா, ரஷ்யா, பெலாரஸ், ஜோர்டான் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும். 2022-ல் மூட்டை 1,700 ரூபாய்க்கு ஏறியபோது ஆனைமலைத் தோப்புக்காரர் வீட்டிலும் உலக அரசியல் எட்டிப் பார்த்தது.

அதே தோப்பின் தூளில் எவ்வளவு பொட்டாஷ் இருக்கிறது? பச்சைத் தூளில் 0.78 சதவீதம் என்பது பல்கலைக்கழகம் தரும் அளவு. 1,120 கிலோவில் அது 9 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 140 கிலோ உரத்தில் உள்ள சத்து 84 கிலோ. ஆக, மரத்துக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு தூளில் மட்டும் இருக்கிறது. நாரிலும் மில்லில் மட்டை நனைத்த நீரிலும் போவது தனி. பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றலாம். பெருக்கிப் பார்த்தால் அப்படித் தோன்றாது. 40 அடி கன்டெய்னரில் சுமார் 25 டன் தூள் கட்டி ஏறும். அத்தனை தூளையும் கொடுத்தது சுமார் 22 ஏக்கர் தோப்பின் ஒரு வருட மட்டை. அதைக் கழுவும்போது போகிற சத்தை உர மூட்டையாக மாற்றினால் ஏறத்தாழ ஆறு மூட்டை. இது உத்தேசக் கணக்குதான். மழை, ரகம், மட்டையின் பருவம் எல்லாம் எண்ணை மாற்றும்.

காசு கொடுத்து வாங்கி மரத்தடியில் வைத்தால் உரம். அதுவே களத்து ஓரத்தில் வடிந்தால் மாசு. பக்கத்துத் தோட்டத்துக் கிணறு உப்புக் கரிக்கிறது, தண்ணீர் பழுப்பாக வருகிறது என்று மனு எழுதப்படுவது இதைப் பற்றித்தான். 2021-ல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார்த் தொழிலை மாசற்ற ‘வெள்ளை’ வகையிலிருந்து ‘ஆரஞ்சு’ வகைக்கு மாற்றியபோது தொழில்காரர்கள் கொதித்துப் போனார்கள். விவசாயக் கழிவைக் காசாக்கி ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுக்கும் தொழிலை ரசாயனத் தொழிற்சாலை மாதிரி நடத்துவதா என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கிணறு கெட்டவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாதகமான அளவைத்தான் நீட்டுகின்றன.

கோட்டை எங்கே போடுவது?

சுழற்சிப் பொருளாதாரம் என்று இப்போது மாநாடுகளில் அடிபடுகிற சொல்லுக்கு அர்த்தம் எளிமையானது. எடுத்த பொருளை எறியாமல் சுற்றில் வைத்திருப்பது. அதை எப்படி அளப்பது என்பதற்கு 2024-ல் ஐ.எஸ்.ஓ. 59020 என்று ஓர் உலகத் தரமே வந்துவிட்டது. முதலில் எந்த எல்லைக்குள் அளக்கப் போகிறோம் என்று கோடு போடச் சொல்கிறது அது. பிறகு அந்தக் கோட்டுக்குள் என்ன வந்தது, என்ன போனது, தண்ணீரும் ஆற்றலும் எவ்வளவு செலவாயின என்று எழுதச் சொல்கிறது.

கோட்டை மில்லைச் சுற்றி மட்டும் போட்டால் பொள்ளாச்சிக்கு நூற்றுக்கு நூறு. கழிவே கிடையாது, எல்லாம் விற்றுப்போகிறது. ஐரோப்பிய நர்சரியைச் சுற்றிப் போட்டாலும் நல்ல மார்க்தான். சதுப்பு நிலம் பிழைத்தது. தோப்பையும் கிணற்றையும் சேர்த்துக் கோடு போட்டால்தான் மார்க் இறங்குகிறது. சத்து ஒரு வழியாகப் போய்க்கொண்டே இருக்கிறது, வேறு வழியாகக் காசுக்கு வந்துகொண்டே இருக்கிறது. சுற்று அங்கே மூடவில்லை.

இளநீர் இதைவிட மோசம். இந்த ஊர் இளநீர் லாரி லாரியாகச் சென்னைக்கும் மும்பைக்கும் போகிறது. மட்டையோடு, தண்ணீரோடு, பொட்டாஷோடு. குடித்து முடித்த கூடு ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். நார்த்தூளாவது டாலராகத் திரும்பி வருகிறது. அந்தக் கூடு பெரும்பாலும் மாநகராட்சிக் குப்பை வண்டிக்குத்தான் போகிறது. ஆனைமலை மண்ணின் சத்து பெருங்குடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

செய்யக்கூடியவை இல்லாமல் இல்லை. கடைசியாகக் கழுவிய நீரில் உப்பு குறைவு என்பதால், அதைத் தொட்டியில் பிடித்து அடுத்த லோடின் முதல் கழுவலுக்கு விடலாம். புதுத் தண்ணீர் செலவு அந்த அளவுக்குக் குறையும். முதல் கழுவலில் வரும் அடர்ந்த நீரில்தான் பொட்டாஷ் அதிகம். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும் மரம், குளோரைடு அதற்கு உதவவும் செய்யும். அதனால் அந்த நீரை ஆய்வகத்தில் சோதித்து, போதிய அளவு நல்ல தண்ணீர் கலந்து, தோப்புக்குப் பாய்ச்ச வழி இருக்கிறதா என்று பார்ப்பது வீண் யோசனை அல்ல. தொட்டிக்குத் தார்ப்பாய் விரிப்பு வேண்டும், மண் சோதனை வேண்டும், சோடியத்தின் மீது ஒரு கண் வேண்டும். சும்மா வாய்க்காலில் திறந்துவிடுவதற்கு இதெல்லாம் தேவைப்படாது. சிக்கல் அங்கேதான்.

தோப்பிலேயே தூளை வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியா, சிப்பிக்காளான் வித்து ஐந்து புட்டி. அடுக்கடுக்காகப் பரப்பி, நிழலில், ஈரம் குறையாமல் ஒரு மாதம் வைத்தால் லிக்னினைக் காளான் தின்றுவிடும். 112-க்கு 1 என்றிருந்த கரிம விகிதம் 24-க்கு 1 ஆக இறங்கும். அதைவிட எளிது மட்டையை அப்படியே பயன்படுத்துவது. மரத்தைச் சுற்றிய பாத்தியில் நூறு மட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி புதைத்தால், அது பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைக்கும். மேலாக மூடாக்குப் போடுவதென்றால் குழிந்த பக்கம் கீழே இருக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் திருப்பிப் போட்டுவிட்டுக் கொசு வளர்த்தவர்கள் எத்தனையோ பேர்.

எல்லாத் தோப்புக்காரர்களும் இதை ஏன் செய்வதில்லை என்று நகரத்திலிருந்து வந்து கேட்பது சுலபம். மட்டை விற்ற பணம் அன்றைக்கே கைக்கு வருகிறது. புதைக்கக் குழி வெட்ட ஆள் கூலி வேண்டும், ஆள் கிடைக்கவும் வேண்டும். 2016-ல் இந்தப் பக்கத்தில் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈ இன்னும் ஓலையைக் கருப்பாக்கிக்கொண்டிருக்கிறது. கேரளப் பக்கத்திலிருந்து வந்த வேர் வாடல் நோய்க்கு மரங்களை வெட்டிச் சாய்த்தவர்கள் இருக்கிறார்கள். காய் விலையோ ஏறுவதும் விழுவதுமாக இருக்கிறது. இந்த நிலையில் மட்டைக் காசை வேண்டாமென்று சொல்லச் சொல்வது யாருக்கும் நியாயமாகப் படாது. அதைச் சொல்லவும் வேண்டாம். தூளை வெளியே அனுப்பிவிட்டு, கழுவிய சத்தை மட்டும் உள்ளூரிலேயே நிறுத்தினாலே போதும். வாங்குபவருக்கு வேண்டாத பொருள்தானே அது. அவர் கேட்பதே அது இல்லாத தூளைத்தான்.

இதற்கெல்லாம் முதல் படி அளப்பது. அதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். களத்தில் தூளுக்கு வைக்கிற அதே இ.சி. மீட்டர் கிணற்று நீரையும் சொல்லும். பாசன நீரில் 0.7 மில்லி சீமென்ஸுக்குக் கீழே என்றால் கவலை இல்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்கள் திணறும். இடையில் இருந்தால் பார்த்துப் பக்குவமாகப் பாய்ச்ச வேண்டும். தோப்புக்காரர் ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து, சித்திரை வெயிலில் ஒரு தடவை, ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒரு தடவை, பக்கத்துக் களத்துத் தம்பியிடம் கொடுத்து எண்ணைக் கேட்டு நாட்காட்டியிலேயே குறித்து வைக்கலாம். மூன்று நான்கு வருட எண்கள் சேர்ந்துவிட்டால், மனு எழுதுவதென்றாலும் களத்துக்காரரோடு திண்ணையில் உட்கார்ந்து பேசுவதென்றாலும் கையில் ஒரு கணக்கு இருக்கும்.